பழைய வண்டியைத் திருத்திப் பரிசாகக் கொடுப்பது எப்படி: வன்னிக் கழகங்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் ஒரு விளையாட்டுக் கழகமோ பழைய மாணவர் சங்கமோ காசு சேர்க்க நினைத்தால் முதலில் வரும் யோசனை சீட்டிழுப்புத்தான். மாட்டுவண்டிச் சவாரி வைத்தாலும் முதல் பரிசாக ஏதாவது பெரிதாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல மாடுகள் வராது. ஆனால் புது மோட்டார் சைக்கிளைப் பரிசு வைக்கிற காலம் போய்விட்டது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டும் வரியோடு பார்த்தால் ஒரு கிராமத்துக் கழகத்தின் கைக்கு எட்டாது. அதே ஊரில் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒரு பழைய ஹொண்டாவும், யாரோ ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டு முற்றத்தில் ஒரு மொரிஸ் மைனரும் சும்மா கிடந்து துருப்பிடிக்கின்றன. அவற்றைத் திருத்திப் பரிசாக வைக்கலாம். நன்றாகச் செய்தால் புது வண்டியைவிடச் சனத்துக்கு அதில் ஆசை அதிகம்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் வையுங்கள். கண்காட்சிக்குத் திருத்துவது வேறு, பரிசுக்குத் திருத்துவது வேறு. கண்காட்சி வண்டியை வைத்திருப்பவருக்கு அதன் குணம் தெரியும், எங்கே தட்டினால் ஸ்டார்ட் வரும் என்றும் தெரியும். பரிசு யாருக்கு விழுமென்று யாருக்கும் தெரியாது. விசுவமடுச் சந்தையில் மரக்கறி விற்கிற அக்காவுக்கு விழலாம். அவர் அடுத்த நாள் காலை அதில் கத்தரிக்காய் மூட்டையைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். பொலிஸ் மறித்தால் காட்டப் பத்திரம் இருக்க வேண்டும். நின்றுபோனால் பக்கத்துக் கராஜில் சாமான் கிடைக்க வேண்டும். இதை வைத்துப் பார்த்தால் வேலையின் வரிசை தானாக வந்துவிடும்: பதிவுப் புத்தகம், பிரேக், எஞ்சின், வயர், கடைசியாகப் பெயின்ற். நம் பெடியள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குவார்கள். முதல் கிழமையே சிவப்புப் பெயின்ற் அடித்து முகநூலில் படம் போட்டுவிடுவார்கள். வண்டி ஆறு மாதமாகியும் ஓடாது.

எந்த வண்டியை எடுப்பது

முதல் தடவை செய்கிறவர்கள் ஹொண்டா சூப்பர் கப் இனத்தில் ஒன்றை எடுங்கள். சீ 50, சீ 70, சீ 90 எதுவானாலும் சரி. 1958இல் ஜப்பானில் வந்த வடிவம் இது. 2017இல் உலகம் முழுவதும் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டது. அதனால் சாமானுக்குப் பஞ்சமில்லை. கையில் கிளச் பிடிக்கத் தேவையில்லை, நடுவில் கால் வைத்து ஏறலாம், சேலை கட்டியவரும் சாரம் கட்டியவரும் ஓட்டலாம். பரிசு வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்?

எம்டி 90 கிடைத்தால் இன்னும் நல்லது. ஜப்பானில் தபால்காரர்களுக்கென்றே செய்த வண்டி. பெரிய கரியர், உறுதியான சட்டம். வன்னியில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சிடி 125, சிடி 200 இரண்டும் அழகுதான், ஆனால் இரட்டைச் சிலிண்டர். பிஸ்டன், றிங், வால்வு எல்லாம் இரண்டு மடங்கு செலவு. பிஎஸ்ஏ பான்டம் மாதிரிப் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் யாராவது தந்தால் வேண்டாமென்று சொல்ல மனம் வராது. 1948இல் வந்த 123 சிசி டூ ஸ்ட்ரோக், கழற்றிப் பூட்ட இலகு. ஆனால் நம்மிடம் உள்ள மில்லிமீற்றர் சாவிகள் அதற்குப் பொருந்தா. விட்வேர்த் அளவுச் சாவி தேட வேண்டும். சரியான சாவி இல்லாமல் கொறடால் திருகி நட்டின் மூலைகளை உருட்டிவிட்டால் அந்த நட்டுக்கு மறு நட்டு தேடி நாயாய் அலைய வேண்டும்.

காரைப் பற்றிக் கேட்பீர்கள். மொரிஸ் மைனர் 1948 தொடக்கம் 1971 வரை வந்தது. ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் 1952 தொடக்கம் 1954 வரை. அது வாடகைக் காராக ஓடியதைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காரைப் பரிசு வைத்தால் வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர்கள் டிக்கெற் அள்ளி வாங்குவார்கள். அப்புறம் ரொறன்ரோவில் இருப்பவருக்கே கார் விழும், அவரால் எடுத்துப்போக முடியாது, கார் மறுபடியும் உங்கள் தலையில். என் அபிப்பிராயம்: ஒரு மோட்டார் சைக்கிளையாவது முழுதாகத் திருத்திக் கொடுத்துப் பழகாத குழு காரில் கை வைக்க வேண்டாம்.

புத்தகம்

இதில்தான் வன்னியில் அதிக வண்டிகள் கழியும். ஆகவே ஒரு ஆணியைக் கழற்ற முன்பே இதை முடியுங்கள்.

பதிவுப் புத்தகத்தைக் கையில் வாங்குங்கள். ‘வீட்டில் எங்கேயோ இருக்கு’ என்றால் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ள செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். பழைய கப் வண்டிகளில் நம்பருக்கு மேல் சேறும் ஒயிலும் கிரீசும் படிந்து கல்லாகியிருக்கும். கம்பித் தூரிகையால் உரசாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். தின்னர் நனைத்த துணியால் துடைத்து, மேலே வெள்ளைச் சோக்கை அழுத்தித் தேய்த்து, விரலால் மெதுவாகத் துடைத்தால் பள்ளமான எழுத்துகளில் மட்டும் சோக்கு நின்று இலக்கம் தெளிவாகத் தெரியும். அதைப் படம் எடுத்து வையுங்கள். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால், அந்த மாற்றம் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சரிசெய்கிற வரைக்கும் வேலையைத் தொடங்க வேண்டாம்.

அடுத்தது புத்தகத்தில் உள்ள பெயர். நம் பக்கத்தில் அந்தப் பெயர்க்காரர் நான்கு வகையாக இருப்பார்.

ஊரில் இருக்கிறார் என்றால் பிரச்சினையில்லை. வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் இங்கே ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்ப வேண்டும். தொலைபேசியில் ‘எடுங்கோ தம்பி, ஒரு பிரச்சினையும் இல்லை’ என்று சொல்வது சட்டத்துக்குப் போதாது. இறந்துவிட்டார் என்றால் வாரிசுகள் எல்லோரும் சம்மதித்து முறைப்படி மாற்றித்தந்த பிறகு எடுங்கள். அண்ணன் தருவார், தங்கச்சி பிறகு வந்து வழக்குப் போடுவார்.

நான்காவது வகை, காணாமல் ஆக்கப்பட்டவர். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின் அப்படிப்பட்டவர்களுக்குக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழி உண்டு. எடுத்தவர்களும் இருக்கிறார்கள், எடுக்கவே மாட்டோம் என்று நிற்கிற தாய்மாரும் இருக்கிறார்கள். ஒரு சீட்டிழுப்புக்காக அந்த வீட்டுப் படலையைத் தட்டிச் சான்றிதழ் கேட்கிற வேலையைச் செய்யாதீர்கள். அந்த வண்டி அங்கேயே நிற்கட்டும்.

இடையில் இன்னொரு சங்கதி, ஓப்பின் பேப்பர். பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டி ஐந்தாறு கை மாறியிருக்கும். கடைசியாக வைத்திருப்பவர் தன்னுடையது என்று மனதார நம்புவார். ஆனால் புத்தகத்தில் வேறொருவர். அந்த வேறொருவரைக் கண்டுபிடித்துப் பேசாமல் எடுக்க வேண்டாம். 2009இல் முள்ளிவாய்க்காலிலும் வழிநெடுகவும் சனம் விட்டுவந்த வண்டிகளுக்கும் இதுதான். பற்றைக்குள் கிடக்கிறது என்பதற்காக அது யாருடையதும் இல்லை என்று ஆகிவிடாது. அதிலிருந்து கழற்றுகிற சாமானுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

புத்தகம் இல்லாத வண்டியை ஓட்டக் கொடுத்தால் என்னவாகும் என்பதை 2022 காட்டியது. எரிபொருளுக்குக் க்யூஆர் முறை வந்தபோது பதிவு இலக்கமும் செசி நம்பரும் பொருந்தாத வண்டிகளுக்கு ஒரு துளி பெற்றோல் கிடைக்கவில்லை. ஓடக்கூடிய சைக்கிள்கள் எல்லாம் திண்ணையில் ஏறின.

புத்தகம் சரி என்றால், வரிப்பத்திரம் எத்தனை வருடமாக எடுக்கப்படவில்லை, நிலுவை எவ்வளவு கட்ட வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, அந்தத் தொகையையும் செலவுக் கணக்கில் சேருங்கள். சில வண்டிகளுக்கு நிலுவை, திருத்தும் செலவோடு போட்டிபோடும்.

நம்பர் தகட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீ நம்பர் வண்டிக்கு மவுசு அதிகம். 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்தோடு தகடுகள் வந்தபோது வடக்குக் கிழக்கில் அதை அழித்துத் தமிழில் ஸ்ரீ எழுதி ஓடினார்கள், பெரிய போராட்டமே நடந்தது. அந்த நினைவில் இப்போதும் சிலர் தகட்டில் தமிழ் எழுத்தைப் போட்டால் நன்றாக இருக்கும் என்பார்கள். கொட்டகைச் சுவரில் மாட்டுகிற தகட்டில் எழுதுங்கள். ரோட்டில் ஓடுகிற வண்டியில் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கட்டும், அபராதம் கட்டப்போவது பரிசு விழுந்தவர்.

வண்டியை வெளியே எடுப்பது

கிடக்கிற இடம் வீட்டு வளவுக்குள் என்றால் கவலையில்லை. பற்றைக் காணி என்றால், அதுவும் புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன் பக்கம் என்றால், அந்தக் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று ஜீஎஸ்ஸிடம் (கிராம சேவகரிடம்) கேளுங்கள். இடம்பெயர்ந்தபோது எஞ்சினைக் கிரீஸ் பூசி உரைப்பையில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ‘இந்தப் பாலைமரத்தடியில்தான் தம்பி’ என்று ஐயா காட்டினாலும் நீங்கள் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். வண்டிப் பெட்டிக்குள், சீற்றுக்குக் கீழே தெரியாத இரும்பு ஏதாவது கண்டால் தொடாமல் விலகி வந்து பொலிஸுக்கு அறிவியுங்கள். பழைய இரும்பு சேர்க்கப் போய்ப் பறிபோன உயிர்கள் நம் பக்கத்தில் போதும்.

அப்புறம் பாம்பு. கார் என்றால் பொனற்றைத் திறக்க முன் நீளத் தடியால் நன்றாகத் தட்டுங்கள். சைலன்சர் வாய்க்குள் குளவிக்கூடும், சீற்றுக்குள் எலிக்குடும்பமும் இல்லாத வண்டியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இழுத்துக்கொண்டு வராதீர்கள். லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு வாருங்கள். இறுகிய சில்லை இழுத்தால் போரிங் (பெயரிங்) நொறுங்கி அதோடு மையமும் போய்விடும்.

கழற்றுதல்

கழற்ற முன் கைத்தொலைபேசியில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், வயர் போகிற வழி, கேபிள் வளைகிற இடம் உட்பட. கழற்றிய ஆணிகளைப் பால்மா ரின்களில் போட்டு, எந்த இடத்து ஆணி என்று எழுதிய கடதாசியையும் உள்ளே போடுங்கள். ரின்னுக்கு வெளியே எழுதினால் மண்ணெண்ணெய் பட்டு அழிந்துவிடும்.

இறுகிய ஆணிக்கு டீசலும் கியர் ஒயிலும் கலந்து தடவி இரண்டு நாள் விடுங்கள். பிறகும் அசையாவிட்டால் சூடாக்கலாம், ஆனால் பெற்றோல் ராங்கி பக்கத்தில் இருக்கவே கூடாது.

பிரேக்

முதலில் எஞ்சினை ஓடவைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஓடத் தொடங்கிய வண்டியை யாராவது ஒருவர் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்காமல் விட மாட்டார். ஆகவே பிரேக்கை முதலில் முடியுங்கள்.

கப் வண்டியில் முன்னும் பின்னும் டிரம் பிரேக். சில்லைக் கழற்றி ஷூவை எடுங்கள். உள்ளே உள்ள கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். ஷூ புதிது போடுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். டிரம்மின் உள்வட்டம் குழிந்திருந்தால் கடைச்சல் பட்டறையில் கொடுத்து இலேசாகக் கடைந்தெடுக்கலாம். பிரேக் தண்டு திரும்புகிற அச்சைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூசுங்கள். வன்னிக் கிறவல் புழுதி அதற்குள் போய் இறுகியிருக்கும். பிரேக் பிடித்தால் விடாத வண்டிகள் பலவற்றுக்கும் நோய் இதுதான்.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. பள்ளம் நன்றாக இருக்கிறது என்று பழைய ரயரை விடாதீர்கள். வெயிலில் கிடந்த ரப்பர் வெளியே பார்க்க நன்றாக இருந்து கம்பி தெரிய வெடிக்கும்.

கார் என்றால் பிரேக் வேலை பெரிது. மொரிஸ் மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். எல்லா ரப்பரும் எல்லா ஹோசும் புதிதாக வேண்டும். பழைய ஹோஸ் வெளியே வெடிக்காவிட்டாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மைனரின் முன்சில்லைத் தாங்குகிற கீழ் ட்ரனியனையும் அப்போதே பாருங்கள். கிரீஸ் காணாமல் தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடிந்து விழும். இந்தக் காருக்குப் பேர்போன வியாதி அது.

எஞ்சின்

வன்னியில் ஓடிய பழைய எஞ்சினுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அதை முதலில் விசாரியுங்கள். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் பீச்சி ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தக் கெட்டித்தனத்தால்தான் வைத்தியசாலைக்குப் போகவேண்டியவர்கள் போனார்கள். ஆனால் எஞ்சின் அதற்கு விலை கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் றிங் வழியாக இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். அதனால் கிராங்க் போரிங்கும் சிலிண்டரும் தேயும். வால்விலும் பிஸ்டன் தலையிலும் கரி கல்லாகப் படியும். அதோடு, தட்டுச் சத்தம் வராமல் இருக்கவென்று ஹெட்டுக்குக் கீழே இரண்டு கஸ்கற் போட்டுக் கொம்பிரஷனைக் குறைத்திருப்பார்கள். நீங்கள் திறந்து இரட்டைக் கஸ்கற்றைக் கண்டால் ஆச்சரியப்பட வேண்டாம், ஒன்றை எடுத்துவிட்டு வால்வைக் கிரைண்ட் செய்யுங்கள்.

இறுகிப்போன எஞ்சினைக் கிக் அடித்துத் திறக்கப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி ஒரு கிழமை விடுங்கள். பிறகு டொப் கியரில் போட்டுப் பின்சில்லைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை அசைந்தால் அதுவே வெற்றி. முழுதாகச் சுற்றத் தொடங்கிய பிறகும் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள், துரு உள்ளே றிங்கைக் கிழித்திருக்கும். கடைச்சல் பட்டறையில் சிலிண்டரை அடுத்த அளவுக்குக் குடைந்து (போர் செய்து) பிஸ்டன் போட்டால் இனிப் பல வருடத்துக்கு யோசிக்கத் தேவையில்லை.

கப் எஞ்சினில் கடதாசி ஒயில் ஃபில்ற்றர் கிடையாது. கிளச் மூடிக்குள் ஒயிலைச் சுழற்றி அழுக்கைப் பிரிக்கிற கிண்ணம் ஒன்றும், கீழே ஒரு வலையும் உண்டு. பழைய வண்டியில் கிண்ணத்துக்குள் களிமண் மாதிரிக் கறுப்பு அப்பியிருக்கும். அதை வழித்து எடுக்காமல் புது ஒயில் ஊற்றுவது வீண் செலவு. வால்வு இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.05 மில்லிமீற்றர். பொயின்ற் இடைவெளி 0.3 முதல் 0.4 வரை. பிளக் 0.6 முதல் 0.7 வரை. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்மட்டத்தில் வைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடு போட்டுவிட்டு ஒரு கேஜ் வாங்குங்கள், விலை அதிகமில்லை.

காபரேற்றரில் ஜெற் அடைத்திருந்தால் இரும்புக் கம்பி விடாதீர்கள், ஓட்டை பெருத்துப் பெற்றோல் குடிக்கத் தொடங்கிவிடும். முல்லைத்தீவுக் கரையில் எந்த மீனவரிடமும் ஒரு துண்டுத் தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) கேளுங்கள். பெற்றோலில் ஊறவைத்த ஜெற்றுக்குள் அதை விட்டு எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை முழு வட்டமாக, ஓரத்தில் பச்சைப் பாசி இல்லாமல் தெரிய வேண்டும்.

பெற்றோல் ராங்கியின் உள்துருவுக்கு வினாகிரி நிரப்பி இரண்டு நாள் வைத்து, ஒரு கைப்பிடி அளவு நட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஊற்றுங்கள். உடனே சலவைச் சோடாத் தண்ணீரால் அலசி, வெயிலில் காயவைத்து, கொஞ்சம் ஒயில் விட்டு உருட்டுங்கள். ராங்கியில் ஒட்டு வேலை இருந்தால், காலியாக இருக்கிறது என்று நம்பி வெல்டிங் பிடிக்க வேண்டாம். ஆவி போதும் வெடிப்பதற்கு. அதைப் பழகிய ஒட்டுக்காரரிடமே கொடுங்கள்.

பழைய பிரிட்டிஷ் கார் எஞ்சினுக்கு இன்னொரு விடயம். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது. அந்தக் கால ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் ஈயத்தை நம்பிச் செய்தது. எப்படியும் ஹெட்டைக் கழற்றத்தான் போகிறீர்கள், அதோடு கடினமான சீற் வளையத்தைப் போட்டுவிடுங்கள்.

சாமான் தேடுவது

கப் வண்டிக்கு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பெரும்பாலானவை கிடைக்கும். கிடைக்காததற்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை. போகும்போது பழைய சாமானையே கையில் கொண்டு போங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் மூன்று விதமாகத் தருவார்கள். மொரிஸ் மைனருக்கு இங்கிலாந்தில் இன்னும் புதுச் சாமான் செய்து விற்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வருகிற லண்டன் மாமாவின் பெட்டியில் ஒரு பிரேக் கிற்றுக்கு இடம் இருக்கும். சொக்லேற்றைக் குறைத்துக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

தகரம்

வெளியூர்க்காரருக்கு எழுதினால் துருவோடு நிறுத்தியிருப்பேன். நம் வண்டிகளில் செல் பீஸ் (எறிகணைச் சிதறல்) ஓட்டைகளும் இருக்கும். வெளியே விரல் நுழையாத ஓட்டையாகத் தெரியும். கையை உட்பக்கமாக விட்டுத் தடவினால் தகரம் பூவிதழாக விரிந்து கூராக நிற்கும், ஆகவே கையுறை போட்டுத்தான் தடவ வேண்டும். பலர் செய்வது, மேலே பட்டி அப்பிப் பெயின்ற் அடிப்பது. ஒரு மாரி போக அந்த இடம் கொப்புளமாக எழும்பி வட்டமாக விழுந்துவிடும். செய்ய வேண்டியது இது: ஓட்டையைச் சுற்றிப் பழுதான தகரத்தைச் சதுரமாக வெட்டி எடுங்கள், மூலைகளைக் கொஞ்சம் உருட்டி விடுங்கள். அதே தடிப்புத் தகரத்தில் சரியாகப் பொருந்துகிற துண்டை வெட்டி, நான்கு மூலையிலும் பொட்டு வைத்து ஒட்டுங்கள். பிறகு ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம் என்று மாறி மாறிப் போங்கள். ஒரே கோடாக ஒட்டினால் சூட்டில் தகரம் நெளியும். அரம் போட்டு மட்டமாக்கிய பிறகு மெல்லிசாகப் பட்டி பூசலாம். பீஸ் சட்டத்திலோ ஃபோர்க்கிலோ பட்டிருந்தால் ஒட்டி மறைக்காதீர்கள், அந்தப் பாகத்தையே மாற்றுங்கள்.

சிலர் அந்த ஓட்டைகளை அப்படியே விடச் சொல்வார்கள், அது வண்டியின் கதை என்று. நூதனசாலைக்கு வைக்கிற வண்டி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். பரிசாக எடுத்துப் போகிறவர் அதைத் தினமும் துடைக்கும்போது எதை நினைப்பார் என்று நமக்குத் தெரியாது.

வயர்

எலி கடித்த வயரை ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், கப் வண்டிக்கு முழு வயர்க்கட்டே விலைக்குக் கிடைக்கும். பழைய கப் ஆறு வோல்ற். பன்னிரண்டு வோல்ற் பற்றரியைக் கொழுவினால் எல்லாப் பல்ப்பும் ஒரே நேரத்தில் போய்விடும். பழைய பிரிட்டிஷ் கார்களில் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் காரின் பொடியில் (உடலில்) பூட்டியிருக்கும், இப்போதைய வழக்கத்துக்கு நேரெதிர். அதைப் பார்க்காமல் ரேடியோவோ தொலைபேசிச் சார்ஜரோ பூட்டினால் புகைதான் வரும். அந்த இடத்தில் ஒரு துண்டு எழுதி ஒட்டுங்கள், பரிசு விழுந்தவரின் மெக்கானிக்குக்காக.

பெயின்ற்

மாரியில் அடித்தால் ஈரம் உள்ளே போய் வெளிறும். சோளகம் வீசுகிற மாதங்களில் அடித்தால் கிறவல் புழுதி முழுக்க மேலே படியும். மாசி, பங்குனி விடியற்காலைதான் நமக்குச் சரி. கொட்டகையைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, சேலை கட்டி மறைத்துக்கொண்டு அடியுங்கள். நிறம் புத்தகத்தில் உள்ளதே. வேறு நிறம் வேண்டுமென்றால் அதையும் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். கழகத்தின் பெயரைப் பெற்றோல் ராங்கியில் பெரிதாக எழுதுகிற ஆசையை அடக்குங்கள். நினைவுக்கு ஒரு சின்ன ஸ்ரிக்கர் போதும், விரும்பினால் உரித்துவிடலாம்.

சீட்டும் கையளிப்பும்

டிக்கெற் அச்சடிக்க முன் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு அனுமதி எடுங்கள். சீட்டிழுப்புக்குச் சட்டம் இருக்கிறது, கோயில் காரியம் என்றாலும் விதிவிலக்கென்று நினைக்க வேண்டாம். டிக்கெற்றின் பின்பக்கத்தில் வண்டியின் மாதிரி, ஆண்டு, பதிவு இலக்கம், அது திருத்திய பழைய வண்டி என்பது, பெயர்மாற்றச் செலவு யாருடையது என்பது எல்லாம் இருக்க வேண்டும். செலவைக் கழகமே ஏற்பது நல்லது. மோட்டார் சைக்கிள் விழுந்து, அதை எடுக்கக் காசில்லாமல் நிற்கிறவரைப் பார்த்துக்கொண்டு மேடையில் கைதட்ட முடியாது. வேண்டாதவருக்குப் பதிலாகக் காசு கொடுப்பதாக இருந்தால் எவ்வளவு என்பதையும் முன்பே எழுதுங்கள். திருத்திய குழுவில் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் டிக்கெற் வாங்கக் கூடாது. இது சட்டத்துக்காக இல்லை, ஊர் வாய்க்காக.

பரிசளிப்புக்கு ஒரு மாதம் முன்பே வண்டியை ஓட்டிப் பாருங்கள். முறிகண்டியில் தேங்காய் உடைத்து ஏ9 வீதியில் மாங்குளம் வரைக்கும் ஒரு ஓட்டம், கிறவல் ரோட்டில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு ஓட்டம். நட்டுகள் தளர்வதெல்லாம் கிறவலில்தான் தெரியும். புகைப் பரிசோதனை, காப்புறுதி, வரிப்பத்திரம் மூன்றையும் முடித்து வையுங்கள்.

கையளிக்கிற நாளில் மேடையில் திறப்பைக் கொடுத்துப் படம் எடுப்பது ஒரு பக்கம் நடக்கட்டும். பெயர்மாற்றப் படிவங்களில் இரண்டு பக்கமும் அன்றைக்கே கையெழுத்தாக வேண்டும். கழகமே ஒருவரைக் கூட அனுப்பித் திணைக்களத்தில் கொடுத்து முடிக்கட்டும். ஓப்பின் பேப்பரைக் கையில் கொடுத்து அனுப்பினால், அடுத்த வருடம் எங்கேயோ நடக்கிற விபத்துக்கு நீதிமன்ற அழைப்பாணை வண்டி தந்த வாத்தியார் வீட்டுக்கு வரும்.

வண்டியோடு ஒரு கொப்பியும் கொடுங்கள். எந்தச் சாமான் எந்தக் கடையில் வாங்கியது, பிளக் எந்த நம்பர், செயின் எத்தனை கண்ணி, ரயருக்கு எவ்வளவு காற்று, யார் போர் செய்தது. எஞ்சின் புதிதாகப் போர் செய்தது என்பதால் முதல் 500 கிலோமீற்றருக்கு வேகம் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த 500 முடிந்ததும் ஒயிலை மாற்றி, வால்வு இடைவெளியைப் பார்த்து, செயினை இறுக்க வேண்டும். அந்த வேலையையும் பரிசில் சேர்த்து, எந்தக் கராஜுக்கு வரவேண்டும், காசு கழகம் கட்டும் என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.